மல்லாந்து நகரும் புழு

2018 நவம்பர் 16ஆம் தேதி அதிகாலையில் வேதாரண்யம் அருகே கரையேறிய கஜா புயல், டெல்டா மாவட்டங்களில் லட்சக்கணக்கான தென்னைகளைச் சாய்த்துவிட்டுப் போனது. இழப்பீடு, கடன், மறுநடவு என்று பேச்சு ஓடிக்கொண்டிருந்தபோதே தோப்புக்காரர்களுக்கு இன்னொரு கவலையும் இருந்தது. விழுந்த மரத்தை அறுத்து அப்புறப்படுத்தாவிட்டால் அது மக்கத் தொடங்கும். மக்கிய தென்னந்துண்டில் காண்டாமிருக வண்டு முட்டையிடும். அதில் வளர்ந்து பறக்கும் வண்டுகள், புயலுக்குத் தப்பி நிற்கும் மரங்களின் குருத்தைத் தேடிப் போகும்.

அப்படிக் கிடக்கும் ஒரு துண்டைக் கடப்பாரையால் நெம்பிப் பிளந்தால் உள்ளே வெள்ளை வெளேரென்று புழுக்கள். பெருவிரல் பருமன், பழுப்புத் தலை, முன்பக்கம் ஆறு கால், பிறைபோல் வளைந்த உடல். பார்த்ததும் நசுக்கிவிடுவதுதான் வழக்கம். அதற்கு முன் ஒன்றை எடுத்துச் சமதரையில் விட்டு ஒரு நிமிடம் பார்ப்பது நல்லது. காண்டாமிருக வண்டின் புழுவானால் ஒருக்களித்துச் சுருண்டபடி கிடந்து தத்தளிக்கும். இன்னொரு வகைப் புழு சட்டென்று மல்லாந்துகொள்ளும். ஆறு கால்களும் வானத்தைப் பார்த்திருக்க, முதுகாலேயே ஊர்ந்து விரைந்து போகும். இது பூக்களில் மகரந்தம் தின்னும் பூவண்டு இனத்தின் புழு. மக்கியதைத் தின்று எருவாக்குவதே இதன் வேலை. தென்னங்குருத்துக்கு இதனால் ஆபத்தில்லை. உருவத்தில் இரண்டும் அண்ணன் தம்பி போலத்தான் இருக்கும்.

கெட்டுப்போன மரத்துக்குள் இருக்கும் பூச்சியை இன்னதென்று கண்டுகொள்ள நிறம் உதவாது. இருட்டில் வாழும் எதற்கும் நிறம் தேவைப்படுவதில்லை, பெரும்பாலானவை வெள்ளைதான். மரத்தின் நிலை, எச்சம், கால், தலை, உடலின் கடைசிப் பகுதி ஆகியவற்றைத்தான் பார்க்க வேண்டும்.

முதலில் மரம். மரம் கெடுவதைச் சொல்லத் தமிழில் ஒரு சொல் போதவில்லை. மரம் உளுக்கும், செல்லரிக்கும், மக்கும், இற்றுப்போகும். பழகிய ஆசாரி கட்டையைத் தட்டிப் பார்த்தே எது என்று சொல்லிவிடுவார். உளுத்த மரத்தில் குண்டூசி அளவு துளைகள் இருக்கும்; தட்டினால் முகப்பூச்சு மாவு போன்ற மெல்லிய தூள் கொட்டும். சில மில்லிமீட்டர் நீளமே உள்ள உளுவண்டுகளின் வேலை அது. அவற்றின் புழுக்கள் மாவுச்சத்து நிறைந்த வெளிறு மரத்தைத்தான் தின்னும். வைரம் பாய்ந்த கட்டைக்கு வீடு கட்டுவோர் இவ்வளவு மதிப்புக் கொடுப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

செல்லரித்த மரத்தில் மண் பூச்சும் மண் குழாய்களும் தெரியும். மண்ணோடு தொடர்பே இல்லாமல் காய்ந்த மரத்துக்குள்ளேயே குடியிருக்கும் கறையான் வகையும் உண்டு. அது விட்டுச்செல்வது தூள் அல்ல. கசகசாவைப் போல் உதிரும், ஆறு பட்டைகள் கொண்ட மணிகள். கதவு நிலைக்குக் கீழே இந்தக் கசகசா குவிந்திருந்தால் உள்ளே யார் இருக்கிறார் என்று கேட்க வேண்டியதில்லை. நார் நாராக, இழைப்புளி சீவியது போன்ற கழிவு வெளியே தள்ளப்பட்டிருந்தால் அது நீண்ட உணர்கொம்புள்ள வண்டுகளின் புழு. மாமரத்துத் தண்டு துளைப்பான் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது. மக்கிய மரத்தில் கெட்டியான சிறு புழுக்கைகள் நிறைந்து கிடந்தால் பிறை வடிவப் புழுவை எதிர்பார்க்கலாம்.

மக்குவது என்பது பூஞ்சையின் வேலை. மரத்தின் உறுதிக்குக் காரணமான லிக்னினைச் சிதைக்கும் பூஞ்சை பட்ட மரம் வெளுத்து நார்போல் பிரியும். செல்லுலோஸை மட்டும் தின்னும் பூஞ்சை பட்ட மரம் பழுப்பேறி, காய்ந்த ஏரிமண்போலச் சதுரம் சதுரமாக வெடிக்கும். பூஞ்சை பதப்படுத்திய பிறகே பல புழுக்கள் உள்ளே வருகின்றன. அப்போதும் மரத்தைச் செரிப்பது எளிதல்ல. பிறை வடிவப் புழுக்கள் சிலவற்றின் நடுக்குடலில் காரத்தன்மை பிஎச் 10ஐத் தாண்டிவிடும். அங்கே ஊறிய மரக்கூழை, பின்குடலில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் நொதிக்கவைத்துச் சத்தாக்குகின்றன. புழுவின் பின்பகுதி கறுத்து உப்பியிருப்பது இந்த நொதித்தொட்டியால்தான்.

அடுத்தது கால். ஆறு கால்கள் தெளிவாகத் தெரிந்து, உடலும் பிறைபோல் வளைந்திருந்தால் காண்டாமிருக வண்டு, பூவண்டு, மான்கொம்பு போன்ற தாடையுள்ள வண்டு ஆகிய மூன்றில் ஒன்றாக இருக்க வாய்ப்பு அதிகம். காலே இல்லாமல், நடு உடல் பருத்து, தலை மட்டும் கடினமாக இருந்தால் கூன்வண்டின் புழு. தென்னையில் சிவப்புக் கூன்வண்டுப் புழு, மக்கிய துண்டைவிட உயிருள்ள மரத்தைத்தான் குடைகிறது. தண்டில் காதை வைத்தால் அது கொறிக்கும் ஓசை கேட்கும் என்பார்கள். நீண்ட உணர்கொம்பு வண்டின் புழுவுக்கும் கால் இல்லை என்றே சொல்லிவிடலாம். நேரான உருளை உடல், கணுக்கணுவாக மடிப்பு. தலைக்குப் பின்னுள்ள பகுதி மட்டும் அகன்று தட்டையாகி, மீதி உடல் வால்போல் ஒடுங்கியிருந்தால் அது பொன்வண்டுக் குடும்பம். தீப்பெட்டியில் இலை போட்டுப் பிள்ளைகள் வளர்க்கும் அந்தப் பளபளப்பான பூச்சியின் உறவினர் இளமையில் இவ்வளவு அழகற்றதாக இருக்கும் என்று யாரும் நினைக்கமாட்டார்கள்.

மஞ்சள் பழுப்பாக, கம்பித்துண்டுபோல் விறைப்பாக இருப்பது கம்பிப்புழு. மல்லாந்து கிடந்தால் ‘டக்’ என்ற ஓசையோடு எகிறி நிமிர்கிற வண்டின் பிள்ளை அது. மக்கிய மரத்தில் வாழும் கம்பிப்புழுக்களில் பல, மரத்தைத் தின்ன வந்தவை அல்ல; மரத்தைத் தின்னும் மற்றப் புழுக்களைத் தின்ன வந்தவை.

ஆறு கால் கொண்ட பிறை வடிவப் புழுக்களைத் தங்களுக்குள் பிரிப்பதற்கு ஆய்வாளர்கள் பார்க்கும் இடம் சற்று வேடிக்கையானது: ஆசனவாய். மான்கொம்பு வண்டின் புழுவுக்கு அது நெட்டுவாக்கில் இருக்கும். காண்டாமிருக வண்டின் புழுவுக்குக் குறுக்குவாக்கில் இருக்கும். அதற்கு அருகே உடலின் அடிப்பக்கத்தில் உள்ள மயிர்க்கால்கள் எந்த வரிசையில் அமைந்திருக்கின்றன என்பதைக் கைலென்ஸால் பார்த்தே இனத்தைச் சொல்லும் அட்டவணைகள் உண்டு. வயதைச் சொல்வது தலை. உடல் நாளுக்கு நாள் பருக்கும். கடினமான தலையோடோ தோலுரிக்கும்போது மட்டுமே பெரிதாகும். தலை அகலம் ஒவ்வொரு தோலுரிப்பிலும் ஏறத்தாழ ஒரே விகிதத்தில் கூடுகிறது என்று அமெரிக்கப் பூச்சியியலாளர் ஹாரிசன் டையர் 1890இல் எழுதினார். காண்டாமிருக வண்டின் புழுவுக்கு மூன்று பருவங்கள். தலையை அளந்தால் எந்தப் பருவம் என்று தெரிந்துவிடும்.

இந்த ஒரு புழுவை அடையாளம் காணத் தவறியதற்குத் தீவு ஒன்று கொடுத்த விலை பெரிது. 1909இல் இலங்கையிலிருந்து சமோவாவுக்கு ரப்பர் கன்றுகள் கப்பலேறின. அவற்றோடு காண்டாமிருக வண்டும் போய்ச் சேர்ந்தது. பசிபிக்கின் நடுவே, இயற்கை எதிரிகள் இல்லாத இடத்தில், தென்னையை நம்பி வாழும் மக்களிடையே அது பெருகியது. புழுவையும் வண்டையும் தேடிப் பொறுக்குவது அங்கே கட்டாய வேலையாகவே ஆக்கப்பட்டது. விடிவு வந்தது ஒரு வைரஸிலிருந்து. 1963இல் மலேசியாவில் அலோய்ஸ் ஹூகர் என்ற ஆய்வாளர், நோயுற்ற காண்டாமிருக வண்டுப் புழுக்களில் அதைக் கண்டறிந்தார். 1967இல் சமோவாவில் அது பரப்பப்பட்டது. நோய் தொற்றிய வண்டுகளே பறந்து பறந்து மக்கிய மரங்களுக்கெல்லாம் அதைக் கொண்டுசேர்த்தன. வண்டுகளின் எண்ணிக்கை சரிந்தது. ஆனால் 2007இல் குவாமிலும் 2013இல் ஹவாயிலும் வந்திறங்கிய வண்டுகள், அந்த வைரஸுக்கு எளிதில் மடியாத புதிய வகை.

தமிழ்நாட்டுத் தோப்புகளில் எருக்குழியைக் கிளறும்போது சில புழுக்கள் விறைத்து, பச்சைப் பொடி பூசியதுபோல் கிடப்பதைக் காணலாம். அது மெட்டாரைசியம் என்ற பூஞ்சை தாக்கியதன் அடையாளம். அந்தப் புழுவைத் தூக்கி எறியக் கூடாது. குழியிலேயே விட்டால் பூஞ்சை மற்றப் புழுக்களுக்கும் பரவும். இந்தப் பூஞ்சையை வளர்த்து எருக்குழியில் கலக்கும்படி வேளாண் துறையினரும் பரிந்துரைக்கிறார்கள்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக்காடுகளில் விழுந்த மரம் ஒரு கூட்டுக் குடும்பம். கன்னங்கறேலென்று பளபளக்கும், தட்டையான பசாலிட் வண்டுகள் அங்கே மரத்துக்குள் பெற்றோரும் பிள்ளைகளுமாக வாழ்கின்றன. மரத்தை மென்று பொடித்துப் புழுக்களுக்குக் கொடுப்பது தாய் தந்தையரே. இவற்றின் புழுவைப் பார்ப்பவர்கள் நான்கு கால்தான் என்று எண்ணிவிடுவார்கள். மூன்றாம் இணைக் கால்கள் குறுகி, நடுக்காலின் அடியில் உரசி ஒலியெழுப்பும் கருவியாகிவிட்டன. இந்தக் குடும்பத்தின் வட அமெரிக்க இனம் ஒன்று 14 வகை ஒலிகளை எழுப்புவது பதிவாகியிருக்கிறது.

பட்ட மரம் இவ்வளவு பேருக்கு வீடு என்பதால் அதை அகற்றுவதிலும் யோசனை வேண்டும். பின்லாந்தின் காடுகளில் வாழும் உயிரினங்களில் ஐந்தில் ஒன்றிலிருந்து நான்கில் ஒன்று வரை பட்ட மரத்தை நம்பியிருப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். தோப்பில் தென்னந்துண்டை அகற்றுவது அவசியம். வேலியோரம் கிடக்கும் வேம்பு, பூவரசு, வாகைத் துண்டுகளையும் சேர்த்து எரிப்பதற்கு அதே காரணத்தைச் சொல்ல முடியாது.

தேடிப் பார்க்க விரும்புகிறவர்கள் மழைக்காலம் முடியும் தறுவாயில், ஈரம் காயாதபோது தொடங்கலாம். கனத்த கையுறை, திருப்புளி, மென்மையான தூரிகை, வெள்ளைத் தட்டு, கைலென்ஸ் போதும். கிடக்கும் துண்டைத் தன் பக்கமாகப் புரட்ட வேண்டும். அடியில் ஒதுங்கியிருக்கும் தேளோ கட்டுவிரியனோ மறுபக்கமாக வெளியேற வழி கிடைக்கும். பட்டையை முழுவதும் உரிக்காமல் ஓரிடத்தில் மட்டும் திறந்து பார்த்து, மறுபடி பொருத்தி, துண்டை இருந்தபடியே வைத்துவிட வேண்டும். காப்புக்காடாக இருந்தால் வனத்துறையின் அனுமதி இல்லாமல் எதையும் தொடக் கூடாது.

பார்த்தும் பிடிபடாத புழுவை வளர்த்துப் பார்ப்பதே பழைய முறை. 2003இல் கனடாவின் பால் ஹெபர்ட் முன்வைத்த மரபணுப் பட்டை முறை இப்போது ஒரு துணுக்கு உடலிலிருந்தே இனத்தைச் சொல்லிவிடுகிறது. வீட்டில் அதற்கு வழியில்லாதவர்கள், எடுத்த இடத்து மக்கலையே டப்பாவில் நிரப்பி, மூடியில் துளையிட்டு, டப்பாவுக்கு ஒரு புழுவாக விட வேண்டும். நாள், ஊர், மரத்தின் பெயர் எழுதிய சீட்டு அவசியம். காண்டாமிருக வண்டானால் சில மாதங்களில் கொம்போடு வெளிவரும். எல்லாம் அப்படி அவசரப்படுவதில்லை. 1983இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பகுதியில் ஒரு வீட்டு மாடிப்படி மரத்திலிருந்து பொன்வண்டுக் குடும்பத்து வண்டு ஒன்று வெளியே வந்தது. அது புழுவாக உள்ளே இருந்த காலம் குறைந்தது 51 ஆண்டுகள் என்று கின்னஸ் பதிவு சொல்கிறது. அமேசான் காட்டின் டைட்டன் வண்டோ 16 சென்டிமீட்டருக்கு மேல் வளரும் பேருருவம். இரவில் விளக்கொளிக்கு வந்து பலர் கையில் சிக்கியிருக்கிறது. அதன் புழுவை மட்டும் உறுதியாகக் கண்டெடுத்தவர் இதுவரை இல்லை.

தோப்பில் அவ்வளவு காத்திருக்க முடியாது. கோடையில் எருக்குழியை வெட்டி வயலுக்கு ஏற்றும் நாளில் காகமும் கோழியும் சுற்றி நிற்கும். பொறுக்கிய புழுக்களைத் தரையில் கொட்டி ஒரு நிமிடம் விட்டால் அவை தாமே இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடும். மல்லாந்து நகர்ந்தவை எருக்குழிக்குத் திரும்பும். ஒருக்களித்துச் சுருண்டு கிடந்தவை கோழிக்கு.