விட்டுவிட்டு வரும் நெட்

திருச்சி வானொலியின் மத்திய அலை 936 கிலோஹெர்ட்ஸ். அரியலூர் மாவட்டம் செந்துறைப் பக்கம் டெலிபோன் கம்பி வழியாக பிராட்பேண்ட் வாங்கிய வீடுகளுக்கும் இந்த எண்ணுக்கும் ஒரு வழக்கு உண்டு. அந்தக் கம்பியில் ஓடும் ஏடிஎஸ்எல் என்ற தொழில்நுட்பம், சுமார் 1,100 கிலோஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையைப் பயன்படுத்துகிறது. வானொலி பாடும் இடமும் அதற்குள்தான் வருகிறது. எக்ஸ்சேஞ்சிலிருந்து கம்பம் கம்பமாக வரும் செம்புக் கம்பி, யாரும் சொல்லாமலே ஏரியல் ஆகிவிடும். இருட்டிய பிறகு தொலைதூர நிலையங்களின் அலைகளும் வானில் பட்டுத் திரும்பி வந்து சேரும். பகலெல்லாம் ஒழுங்காக ஓடிய நெட் ராத்திரியில் கட்டாகிக் கட்டாகி வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

புகார் சொல்லுமுன் ஒன்றைப் பார்த்துவிடுங்கள். நெட் போகும் நேரத்தில் மோடத்தின் டிஎஸ்எல் விளக்கு நிலையாக எரிந்தால், கோளாறு பெரும்பாலும் வெளிக் கம்பியில் இல்லை. வீட்டு வைஃபையில் இருக்கலாம். விளக்கு அணைந்தாலோ மினுக்கினாலோதான் லைனைச் சந்தேகிக்க வேண்டும்.

அப்போது பார்க்க வேண்டியது வேகத்தை அல்ல, எஸ்என்ஆர் மார்ஜின் என்ற எண்ணை. பிரௌசரில் 192.168.1.1 என்று அடித்தால் பல மோடம்களில் அதைக் காட்டும் பக்கம் திறக்கும். இரைச்சலைத் தாண்டி சிக்னலுக்கு எவ்வளவு கையிருப்பு இருக்கிறது என்பதை அந்த எண் டெசிபெலில் சொல்லும். மோடம் எக்ஸ்சேஞ்சோடு இணையும்போது பொதுவாக 6 டெசிபெல் கையிருப்பை விட்டுவிட்டு, மிச்சத்தையெல்லாம் வேகமாக மாற்றிக்கொள்கிறது. பிறகு இரைச்சல் ஏறி அந்த ஆறையும் தின்றுவிட்டால் லைன் விழும். மறுபடி இணைய ஓரிரு நிமிடம் ஆகும். மூன்று டெசிபெல் ஏறினாலே இரைச்சலின் திறன் இரண்டு மடங்கு என்பதால் ஆறு ஒன்றும் பெரிய இருப்பில்லை. ஆகவே, அடிக்கடி அறுபடும் லைனுக்கு நான் சொல்லும் வைத்தியம் பலருக்குப் பிடிக்காது: வேகத்தைக் குறைத்து மார்ஜினைக் கூட்டச் சொல்லி இணைப்பு தரும் நிறுவனத்திடம் கேளுங்கள்.

தூரமும் சேர்ந்து அடிக்கும். செம்பில் கிலோமீட்டருக்குச் சுமார் 14 டெசிபெல் தேய்மானம். எக்ஸ்சேஞ்சிலிருந்து நாலு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் வீட்டுக்குச் சுமார் 56 டெசிபெல் போய்விடும். இதில் ஐப்பசி மழைத் தண்ணீர் ஜாயிண்டில் இறங்கினால் கேட்கவே வேண்டாம். சாதாரண டெலிபோனை எடுத்து ஒரே ஒரு எண்ணை அழுத்துங்கள், டயல் டோன் நின்றுவிடும். அந்த மௌனத்தில் கரகரப்பு கேட்டால் லைன்மேனுக்கு வேலை இருக்கிறது.

சில சமயம் குற்றவாளி பக்கத்து வீட்டில் இருப்பார். வேல்ஸில் அபர்ஹோசன் என்ற கிராமத்தில் பதினெட்டு மாதம் தினமும் காலை ஏழு மணிக்கு ஊர் முழுக்க நெட் படுத்தது. கேபிளையே மாற்றியும் பலனில்லை. கடைசியில் பொறியாளர்கள் கருவியோடு விடியற்காலை மழையில் ஊரைச் சுற்றி நடந்து கண்டுபிடித்தார்கள்: ஒரு வீட்டில் ஏழு மணிக்குப் போடும் பழைய டிவி! செய்தி வெளிவந்தது 2020இல். நமக்கு அந்தக் கருவி வேண்டாம். பேட்டரி ரேடியோவை மத்திய அலையில், நிலையம் எதுவும் கேட்காத இடத்தில் வைத்துக்கொண்டு வீட்டுக்குள் நடந்தால் போதும். மட்டமான எல்இடி பல்பு, சார்ஜர், இன்வெர்ட்டர் என்று எது அருகே கரகரவென்று இரைகிறதோ அதை அணைத்துப் பாருங்கள்.

ஃபைபர் வந்த வீடுகளில் இந்த மின் இரைச்சல் தொல்லை கிடையாது, கண்ணாடி இழை ஏரியல் ஆகாது. அங்கே பார்க்க வேண்டியது பெட்டிக்கு வந்து சேரும் ஒளியின் அளவு. பரவலாக உள்ள ஜிபான் வகை ஃபைபர் கருவிகளில் அது மைனஸ் 8க்கும் மைனஸ் 27 டிபிஎம்முக்கும் நடுவில் இருக்க வேண்டும். ஒரு இழையை எட்டு வீட்டுக்குப் பிரிக்கும் ஸ்பிளிட்டர் ஒன்றே பத்து டெசிபெல்லை எடுத்துக்கொள்ளும். அதாவது பத்தில் ஒரு பங்கு ஒளிதான் மிஞ்சும். அதற்கு மேல் ஆணியில் மடித்துச் சுற்றிய வயர், அணில் கடி, தூசி படிந்த முனை. சுண்ணாம்புக்கல்லும் சிமெண்டும் ஏற்றிய லாரிகள் ஓடும் அரியலூர் மாவட்டத்தில், சாலைக்குக் குறுக்கே தாழத் தொங்கும் வயரின் கதி பற்றிச் சொல்லத் தேவையில்லை. பெட்டியின் எல்ஓஎஸ் விளக்கு சிவப்பில் மினுக்கினால் ஒளியே வரவில்லை என்று பொருள். இழை முனையைக் கழற்றிக் கண்ணருகே வைத்துப் பார்க்காதீர்கள். அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைக் கெடுக்கக்கூடும்.

செம்பானால் மார்ஜின், ஃபைபரானால் ஒளி அளவு, காலையிலும் இரவிலும் அந்த எண்ணை செல்போனில் படம் எடுத்து வையுங்கள். "நெட் ஸ்லோ" என்று சொல்லாமல் எண்ணையும் நேரத்தையும் சொல்லிப் புகாரைப் பதியுங்கள், பதிவு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். அப்படியும் சரியாகவில்லையென்றால், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2012ஆம் ஆண்டு விதிமுறைப்படி இணைப்பு தரும் நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். அங்கேயும் முதலில் கேட்பது அந்தப் பதிவு எண்ணைத்தான்.