ஒளிப்படம் 51: விடுபட்ட ஒரு பெயர்

கடந்த பருவத்தில் எங்களுக்கு உயிரியல் பாடத்தில் ஒரு குழுப்பணி. தாவரத்திலிருந்து டிஎன்ஏவைப் பிரித்தெடுத்து, ஜெல்லில் ஓடவிட்டு, தெரியும் பட்டைகளைப் படமெடுத்துக் காட்ட வேண்டும். குழுவில் நாங்கள் நால்வர். இரண்டு முறை முயன்றும் பட்டைகள் தெரியவில்லை. மூன்றாவது முறை, தோழி ஒருவர் மட்டும் இரவு வரை ஆய்வுக்கூடத்தில் இருந்து தெளிவான படத்தை எடுத்துவிட்டார்.

படைப்பு நாளன்று அவருக்குக் காய்ச்சல். பேசவிருந்த மூவரின் பெயர்களை மட்டும் முதல் பக்கத்தில் போட்டேன். “படம் மிகத் தெளிவு” என்று விரிவுரையாளர் பாராட்டினார். நான் நன்றி சொல்லிவிட்டு அமர்ந்தேன். அந்தப் படத்தை எடுத்தவர் யார் என்று நான் சொல்லவில்லை.

சில வாரங்கள் கழித்துத் தேர்வுக்காக டிஎன்ஏவின் வரலாற்றைப் படித்தபோதுதான் அது என்னை உறுத்தியது.

சீழில் தொடங்கிய தேடல்

டிஎன்ஏவை வாட்சனும் கிரிக்கும் கண்டுபிடித்ததாகவே நம்மில் பலர் நினைக்கிறோம். உண்மையில் 1869ஆம் ஆண்டிலேயே சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஃபிரெட்ரிக் மீஷர் அதைப் பிரித்தெடுத்துவிட்டார். மருத்துவமனையில் தூக்கி எறியப்படும் கட்டுத்துணிகளில் ஒட்டியிருந்த சீழிலிருந்து கிடைத்த வெள்ளை அணுக்களில்தான் அவர் அதைக் கண்டார். பெற்றோரின் பண்புகளைப் பிள்ளைகளுக்குக் கொண்டுசெல்வது அதுதான் என்பதற்கு வலுவான சான்று கிடைக்க மேலும் 75 ஆண்டுகள் ஆயின. 1944ல் ஆஸ்வால்ட் ஏவரியின் குழு பாக்டீரியாவைக் கொண்டு அதைக் காட்டியது.

அடுத்த கேள்வி, அதன் வடிவம் என்ன என்பது.

இருட்டில் ஒரு ‘எக்ஸ்’

லண்டன் கிங்ஸ் கல்லூரியில் ரோசலிண்ட் ஃபிராங்ளின் எக்ஸ் கதிர்களைக் கொண்டு அந்த வடிவத்தைத் தேடிக்கொண்டிருந்தார். 1952 மே மாதம், அவரது வழிகாட்டுதலில் ஆய்வு மாணவர் ரேமண்ட் காஸ்லிங் ஒரு படம் எடுத்தார். அதற்கு 60 மணி நேரத்துக்கும் மேல் கதிர்களைப் பாய்ச்ச வேண்டியிருந்தது. ‘எக்ஸ்’ போன்ற புள்ளிகள் தெரிந்த அந்தப் படம்தான் ‘ஒளிப்படம் 51’. டிஎன்ஏ ஒரு சுருள் என்பதற்கு அது சாட்சி.

1953 ஜனவரியில் மாரிஸ் வில்கின்ஸ் அந்தப் படத்தை வாட்சனுக்குக் காட்டினார். அது ஃபிராங்ளினுக்குத் தெரியாது. அவரது அளவீடுகள் அடங்கிய ஓர் அறிக்கையும் கிரிக்கின் கைக்குச் சென்றது. வாட்சனும் கிரிக்கும் சும்மா இருந்தவர்கள் அல்லர். முறுக்கிய ஏணி போன்ற வடிவத்தையும், படிகளில் ‘ஏ’ எழுத்து ‘டி’யோடும் ‘ஜி’ எழுத்து ‘சி’யோடும் மட்டுமே இணைவதையும் கண்டுகொண்டது அவர்களின் அறிவுத்திறன். ஏணியை நடுவே பிரித்தால் ஒவ்வொரு பாதியையும் கொண்டு மறுபாதியை எழுதிவிடலாம். உயிர் தன்னைப் படியெடுக்கும் இரகசியம் அதுதான்.

1953 ஏப்ரல் 25ஆம் தேதி ‘நேச்சர்’ இதழில் அவர்களின் கட்டுரை வெளிவந்தது. ஃபிராங்ளினும் காஸ்லிங்கும் எழுதிய கட்டுரை அதே இதழில் மூன்றாவதாக, முதல் கட்டுரைக்கு ஆதாரம் சேர்ப்பதுபோல இடம்பெற்றது. 1958ல் ஃபிராங்ளின் சினைப்பைப் புற்றுநோயால் இறந்தார். அப்போது அவருக்கு வயது 37. நான்கு ஆண்டுகள் கழித்து வாட்சன், கிரிக், வில்கின்ஸ் மூவரும் நோபெல் பரிசு பெற்றனர்.

ஏணி திறந்த கதவுகள்

அந்த ஏணி இன்று நம் வாழ்க்கைக்குள் வந்துவிட்டது. 1984ல் அலெக் ஜெஃப்ரீஸ் டிஎன்ஏவைக் கொண்டு ஆளை அடையாளம் காணும் முறையைக் கண்டறிந்தார். இங்கிலாந்துக் கொலை வழக்கு ஒன்றில் அம்முறை முதலில் செய்த வேலை, குற்றத்தை ஒப்புக்கொண்டிருந்த ஓர் இளையரை நிரபராதி எனக் காட்டியது. உண்மைக் குற்றவாளி 1988ல் தண்டிக்கப்பட்டார். 2003ல் மனித மரபணுத்தொகுப்புத் திட்டம் நிறைவடைந்தது. சுமார் 300 கோடி எழுத்துகளைப் படிக்கும் பணி அது. மார்பக, சினைப்பைப் புற்றுநோய் அபாயம் தங்களுக்கு அதிகமா என்பதைச் சில பெண்கள் மரபணுச் சோதனைமூலம் முன்கூட்டியே அறிந்துகொள்ள முடிகிறது. ஃபிராங்ளினின் உயிரைப் பறித்த அதே வகை நோய்!

தாமதமாக அனுப்பிய மின்னஞ்சல்

அன்றிரவு விரிவுரையாளருக்கு மின்னஞ்சல் அனுப்பி, அந்தப் படம் யாருடையது என்பதைச் சொன்னேன். பிறகு தோழியைக் கூப்பிட்டேன்.

“பேருதானே, விடு” என்றார். சற்று நேரம் கழித்து, “ஆனா, அந்த ஸ்லைடை நான் அன்னைக்கே பார்த்துட்டேன்” என்றார்.

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. நான் தீய எண்ணத்தோடு செய்யவில்லை என்பது உண்மை. வில்கின்ஸும் அப்படித்தான் நினைத்திருக்கலாம்.

மாணவர்களாகிய நாம் குழுவாகத்தான் பெரும்பாலும் வேலை செய்கிறோம். அடுத்த முறை படைப்பின் முதல் பக்கத்தைத் தயாரிக்கும்போது, அறையில் இல்லாதவரின் பெயரை முதலில் எழுதுங்கள். நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன்.