தோளில் ஏறிய உரிமை

ஹைதராபாத்தின் ஜியாகூடா பகுதியில் இருக்கும் பழைய ரங்கநாதர் கோயில் 2018 ஏப்ரல் 16 அன்று ஓர் அபூர்வக் காட்சியைக் கண்டது. மேளதாளம் முழங்க, சில்கூர் பாலாஜி கோயிலின் அர்ச்சகர் சி.எஸ். ரங்கராஜன், தலித் இளைஞர் ஒருவரைத் தோளில் சுமந்தபடி உள்ளே நுழைந்தார். 'முனிவாகன சேவை' என்பது சடங்கின் பெயர். ரங்கராஜனின் சில்கூர் கோயிலில் உண்டியல் கிடையாது, வி.ஐ.பி. தரிசனமும் கிடையாது.

சடங்கின் வேர் இருப்பது ஸ்ரீரங்கத்தில். பாணர் குலத்தில் வளர்ந்த திருப்பாணாழ்வார் காவிரிக் கரையில் நின்றே அரங்கனைப் பாடுவார். கோயிலுக்குத் தீர்த்தம் எடுக்க வந்த லோகசாரங்க முனிவர், அவர் வழிவிடவில்லை என்று கல்லெறிந்தார். ரத்தம் வழிந்தது அரங்கனின் நெற்றியில். பாணரைத் தோளில் சுமந்து வரும்படி முனிவருக்குக் கட்டளை பிறந்தது என்கிறது வைணவ மரபு.

அந்தப் பாட்டு ஆண்டவன் தந்த வரம் என்பதை ஒப்புக்கொள்வதில் யாருக்கும் சிரமம் இருக்கவில்லை. பாணரின் 10 பாசுரங்கள் நாலாயிரத்தில் சேர்ந்தன. அவரது திருவுருவம் கோயில்களில் இடம் பிடித்தது. ஆனால் ஒடுக்கப்பட்ட குலங்களில் பிறந்தவர்கள் நூற்றாண்டுக் கணக்கில் வாசலுக்கு வெளியே நின்றார்கள். திறமை கடவுள் கொடுப்பது, உரிமை மட்டும் மனிதர்கள் பார்த்துக் கொடுப்பது என்பதே நடைமுறையாக இருந்தது.

அந்த உரிமையை மீட்டவை போராட்டமும் சட்டமும்தான். மதுரை மீனாட்சி கோயிலுக்குள் 1939 ஜூலை 8 அன்று கக்கன் உள்ளிட்டோரை அழைத்துச் சென்றார் வைத்தியநாத ஐயர். சென்னை மாகாணத்தில் 1947இல் கோயில் நுழைவுச் சட்டம் வந்தது. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சாசனத்தின் 17வது பிரிவு தீண்டாமையை ஒழித்தது.

சட்டம் தந்துவிட்ட உரிமைக்கு இன்னொருவர் தோள் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. சுமப்பவருக்குப் பெருமை; சுமக்கப்படுபவருக்கு விருந்தாளி அந்தஸ்து. விருந்தாளி அன்று மாலையே வீடு திரும்ப வேண்டியவர்.

பழைய கதையிலேயே இதற்கு விடை இருக்கிறது. முனிவர் பாணருக்கு எதையும் தானமாக வழங்கவில்லை. அரங்கன் முன்பே கொடுத்திருந்ததைத் தடுத்து நின்றவர், கட்டளைக்குப் பணிந்து விலகிக்கொண்டார். கல்லெறிந்ததற்கான பிராயச்சித்தம் அது. ஜியாகூடா சேவையையும் அப்படி எடுத்துக்கொண்டால் அதற்கு அர்த்தம் உண்டு. மறுநாள் எந்தக் கோயில் வாசலிலும் அதே இளைஞர் தன் காலாலேயே நடந்து உள்ளே போகும்போது, யாரும் திரும்பிப் பார்க்காமல் இருக்க வேண்டும். அதற்குத் தோளும் வேண்டாம், மேளமும் வேண்டாம்.