எந்த எஞ்சினுக்குக் கையெழுத்து?

லிட்டில் இந்தியாவின் ரேஸ் கோர்ஸ் சாலை என்றால் இன்று மீன்தலைக் கறிதான் நினைவுக்கு வரும். அந்தப் பெயருக்குக் காரணமான குதிரைப் பந்தயத் திடல் ஃபேரர் பார்க்கில் 1843 முதல் 1933 வரை இருந்தது. சிங்கப்பூர் வானில் முதல் விமானம் 1911 மார்ச்சில் அங்கிருந்துதான் எழும்பியது. அதை ஓட்டிய பெல்ஜியக்காரர் ஜோசஃப் கிறிஸ்டியான்ஸ் கார்ப் பந்தயங்களிலும் ஓடியவர். குதிரைப் பந்தயம் பிறகு புக்கிட் தீமாவுக்கும் அங்கிருந்து கிராஞ்சிக்கும் இடம் மாறி, 2024 அக்டோபர் 5ஆம் தேதி ஒரேயடியாக நின்றது. கிராஞ்சியின் 124 ஹெக்டேர் வீடுகளுக்கும் பிற தேவைகளுக்கும் வேண்டும் என்று அரசாங்கம் முடிவெடுத்தபோது 181 ஆண்டு மரபு குறுக்கே நிற்கவில்லை. அதற்கு வெகு முன்பே, அப்பர் தாம்சன் சாலையில் 1961இல் தொடங்கிய கிராண்ட் பிரீ கார்ப் பந்தயம் 1973உடன் கைவிடப்பட்டது. உயிரிழப்புகளும் போக்குவரத்து இடைஞ்சலும் அதற்குக் காரணங்கள். பந்தயத்தை விரும்பும் ஊர்தான் இது. ஆனால் நடத்துவதற்கான காரணம் தீர்ந்துபோன பந்தயத்தைப் பழக்கத்துக்காக வைத்துக்கொண்டதில்லை. மரினா பே சாலைகளில் 2008 செப்டம்பர் 28ஆம் தேதி தொடங்கிய எஃப்1 இரவுப் பந்தயமும் இந்தக் கணக்குக்கு உட்பட்டதே. அதன் ஒப்பந்தம் 2028 வரை இருக்கிறது. அதற்குப் பின் அந்தக் கார்களுக்குள் எந்த எஞ்சின் இருக்கும் என்ற சர்ச்சையைச் சிங்கப்பூர் தூரத்துச் செய்தியாக வாசித்துவிட்டுப் போக முடியாது.

சர்ச்சையின் வேர் இதுதான். 2005 வரை எஃப்1 கார்கள் 3 லிட்டர், பத்து சிலிண்டர் வி10 எஞ்சினில் ஓடின. 2006 முதல் 2013 வரை 2.4 லிட்டர் வி8. 2014இல் 1.6 லிட்டர் வி6 டர்போ எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்த ஹைபிரிட் முறை வந்தது. 2026 பருவத்தோடு நடப்புக்கு வந்த புதிய விதிகள் அதே வி6ஐ வைத்துக்கொண்டு, மின்சாரத்தின் பங்கை ஏறக்குறைய பாதிக்கு உயர்த்தின: மோட்டாரின் ஆற்றல் 120 கிலோவாட்டிலிருந்து 350 கிலோவாட்டுக்கு ஏறியது, எரிபொருள் முழுக்கப் புதைபடிவம் சாராததாக மாறியது. இந்த விதிகள் 2030 வரைக்கும் என்று வகுக்கப்பட்டவை. ஆனால் ஒரு கார்கூட அவற்றின்படி பந்தயத்தில் ஓடுவதற்கு முன்பே, 2025 பிப்ரவரியில், உலக மோட்டார் விளையாட்டுக் கூட்டமைப்பான எஃப்ஐஏவின் தலைவர் முகமது பின் சுலாயம் வி10ஐத் திரும்பக் கொண்டுவரலாம் என்ற பேச்சைத் தொடங்கினார். ஏப்ரலில் பஹ்ரைனில் எஞ்சின் தயாரிப்பாளர்களோடு நடந்த கூட்டத்தில் அதற்கு உடன்பாடு கிட்டவில்லை. ஜூலைக்குள் பேச்சு வி8க்கு நகர்ந்து, 2029ஐ ஒட்டிய ஆண்டுகளைக் குறிவைத்தது. இந்த அவசரம் தவறு என்பதே இக்கட்டுரையின் வாதம். 2026 விதியில் குறைகள் உண்டு. அவற்றை அதற்குள்ளேயே திருத்த வேண்டும். தவணை முடியும்முன் அதைத் தூக்கியெறிந்தால் பந்தயமும் கெடும், அதை நடத்தும் நகரங்களுக்கு இருக்கும் காரணமும் கெடும்.

வி8 வேண்டும் என்போர் முதலில் சொல்வது ஒலியை. அதை அற்பமாக ஒதுக்க எனக்கு மனமில்லை. நிமிடத்துக்கு 19,000 சுற்றுகளைத் தொட்ட வி10இன் அலறல் நெஞ்சுக்கூட்டில் அதிர்ந்தது. அதைக் கேட்டவர்கள் மறக்கமாட்டார்கள். தமிழர்களுக்கு அதில் கூடுதல் உரிமையும் இருக்கிறது. எஃப்1இல் ஓடிய முதல் இந்தியரான கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் 2005இல் ஜோர்டன் அணிக்காக ஓட்டியது டொயோட்டாவின் வி10 எஞ்சின் பொருத்திய காரை. வி10 காலத்தின் கடைசி முழுப் பருவம் அது. 2012இல் மரினா பேயில் அவர் ஓட்டியது வி8 கார். ஹைபிரிட் காலத்தில் நம்மவர் ஒருவரும் எஃப்1 பந்தயத் தொடக்கக்கோட்டில் நின்றதில்லை. அதனால் பழைய ஒலியின் மீது நமக்கு ஏக்கம் இருப்பது இயல்பு. ஆனால் ஒலி போனால் கூட்டம் போய்விடும் என்ற வாதத்தைச் சோதித்துப் பார்க்க நம்மிடம் பத்தாண்டுக்கு மேலான அனுபவம் இருக்கிறது. 2014இல் மெல்பர்ன் பந்தயத்தை நடத்தியவர்கள் எஞ்சின் ஒலி சோர்ந்துவிட்டதென்று வெளிப்படையாகவே முறையிட்டார்கள். அதே மெல்பர்னில், அதே வகை எஞ்சின் ஓடிய 2025இல், நான்கு நாளில் 465,000க்கும் மேற்பட்டோர் திரண்டார்கள். சிங்கப்பூரில் 2022இல் மூன்று நாளில் 302,000 பேர். 2025இலும் 300,000ஐத் தாண்டியது. இசைக் கச்சேரிகளுக்காக வந்தவர்களும் இதில் அடக்கம் என்று ஒருவர் சொல்லலாம். சொல்லட்டும், ஒலி குறைந்ததால் யாரும் வீட்டிலேயே இருந்துவிடவில்லை என்பது அதனால் மாறிவிடாது.

கூட்டத்தை இழுப்பது போட்டி. யார் வெல்வார் என்று தெரியாத பந்தயத்துக்குத்தான் மக்கள் விடிய விடிய விழித்திருப்பார்கள். அந்தப் போட்டி எப்போது கிடைக்கிறது என்பதை மரினா பேயின் வெற்றிப் பட்டியலே காட்டுகிறது. 2022இல் ரெட்புல் அணியின் செர்ஜியோ பெரெஸ், 2023இல் ஃபெராரியின் கார்லோஸ் சைன்ஸ், 2024இல் மெக்லேரனின் லாண்டோ நாரிஸ், 2025இல் மெர்சிடிஸின் ஜார்ஜ் ரசல். நான்கு ஆண்டுகள், நான்கு அணிகள், மூன்று தயாரிப்பாளர்களின் எஞ்சின்கள். அந்த நான்கு ஆண்டுகளும் எஞ்சின் மேம்பாடு முடக்கிவைக்கப்பட்டிருந்த காலம். 2022 முதல் எவரும் எஞ்சினின் ஆற்றலைக் கூட்டத் தடை இருந்தது. புதிய விதி வந்த 2014ஐ இதோடு வைத்துப் பாருங்கள்: 19 பந்தயங்களில் 16ஐ மெர்சிடிஸ் தனியாக அள்ளியது, அந்த முன்னிலையைப் பிடிமானமாகக் கொண்டு 2021 வரை எட்டு அணிப் பட்டங்களை வரிசையாக வென்றது. தெருச்சுற்றில் எஞ்சின் பலத்தைவிட டயர் பிடிப்பும் பிரேக்கும் முக்கியம், சிங்கப்பூரை மட்டும் வைத்து முடிவுகட்டலாமா என்று கேட்பது நியாயம். முழுப் பருவத்தையே எடுத்துக்கொள்வோம். 2024இல் நான்கு அணிகளைச் சேர்ந்த ஏழு ஓட்டுநர்கள் வென்றார்கள். 2025 பட்டத்தை வென்ற நாரிஸின் மெக்லேரனில் இருந்தது மெர்சிடிஸிடம் விலைக்கு வாங்கிய எஞ்சின். செலவு வரம்பும் 2022இன் புதிய காற்றியக்க விதிகளும் இதற்கு உதவின என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் எஞ்சின் விதி ஆண்டுக்கு ஆண்டு ஆடிக்கொண்டிருந்தால் அந்த இரண்டும் வேலை செய்திருக்காது. பின்தங்கியவன் முன்னவனை எட்டிப்பிடிக்கக் காலம் வேண்டும். விதியை மாற்றும் ஒவ்வொரு முறையும் அந்தக் காலம் மீண்டும் பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறது.

அடுத்த வாதம் எரிபொருளைப் பற்றியது. தூய எரிபொருள் வந்துவிட்டதே, இனி மின்கலச் சுமை எதற்கு, வி8இல் அதையே ஊற்றி ஓட்டலாமே என்கிறார்கள். கேட்க எளிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த எரிபொருளை வி6 ஹைபிரிட்டிலும் ஊற்றலாம். இப்போது அதுதான் நடக்கிறது. ஆக, அது வி8க்கு மட்டும் உரிய சாதகமாகாது. பிறகு கேட்க வேண்டியது எவ்வளவு ஊற்றுகிறோம் என்பது. 2013இல் ஒரு காருக்கு ஒரு பந்தயத்தில் 160 கிலோ அளவுக்கு எரிபொருள் செலவானது. 2020இல் அது 100 கிலோவாயிற்று. 2026 விதிக்கு எஃப்ஐஏ வைத்த இலக்கு 70 கிலோ. மெர்சிடிஸின் வி6 ஹைபிரிட் 2017இல் சோதனைக்கூடத்தில் 50 விழுக்காட்டுக்கு மேல் வெப்பத் திறனைக் காட்டியது. அதாவது எரிபொருளில் இருக்கும் ஆற்றலில் பாதிக்கு மேல் சக்கரத்தைச் சுற்றப் போனது. சாலையில் ஓடும் சாதாரண பெட்ரோல் எஞ்சினில் மூன்றில் ஒரு பங்கு போனாலே பெரிது. கார்களின் புகை எஃப்1இன் மொத்தக் கரிம வெளியீட்டில் 0.7 விழுக்காடுதானே, சரக்குப் போக்குவரத்து மட்டும் 45 விழுக்காடு ஆயிற்றே என்று எதிர்வாதம் வரும். எஃப்1 நிறுவனமே 2019இல் வெளியிட்ட கணக்கு அது, உண்மைதான். அந்த 45 விழுக்காட்டைக் குறைக்க வேண்டியது தனி வேலை, அவசர வேலை. எஞ்சினின் மதிப்பு அது விடும் புகையின் அளவில் இல்லை. அதில் கற்கும் பாடம் எங்கே போய்ச் சேர்கிறது என்பதில் இருக்கிறது. சிங்கப்பூரில் 2030 முதல் புதிதாகப் பதிவாகும் கார்களும் டாக்சிகளும் தூய எரிசக்தி வகையாகத்தான் இருக்க வேண்டும். ஹைபிரிட்டும் அந்த வகையில் அடங்கும். புதிய டீசல் கார்களுக்கும் டாக்சிகளுக்கும் 2025லேயே கதவு அடைக்கப்பட்டுவிட்டது. சிராங்கூன் சாலையில் பயணி ஏறுவதற்குக் காத்துநிற்கும் ஹைபிரிட் டாக்சிக்கும் மரினா பேயில் பாயும் காருக்கும் இன்று ஒரு தொழில்நுட்ப உறவு இருக்கிறது. வி8 வந்தால் அந்த உறவு அறுந்துபோகும்.

செலவைப் பற்றிய குறைகூறலில்தான் வி8 தரப்புக்கு வலு அதிகம். 2014இன் எஞ்சின் அளவுக்கு மீறிச் சிக்கலானது. 2015இல் மெக்லேரனோடு திரும்பிவந்த ஹோண்டா தன் முதல் ஹைபிரிட் வெற்றியை ருசிக்க 2019 வரை ஆனது, அதுவும் ரெட்புல் காரில். இத்தனை இழுபறிக்கு ஒரு பெருங்காரணம், வெளியேறும் புகையின் வெப்பத்திலிருந்து மின்சாரம் எடுக்கும் கருவி. விலை உயர்ந்தது, சாலைக் கார்களுக்கு ஏறக்குறைய உதவாதது. 2026 விதி அதை அடியோடு நீக்கியது. எஞ்சின் தயாரிப்புக்கும் செலவு வரம்பு வந்துவிட்டது. அந்தத் திருத்தத்தை நம்பித்தான் 2022 ஆகஸ்டில் ஆவ்டி எஃப்1இல் நுழைவதாக அறிவித்தது. 2021உடன் விலகிய ஹோண்டா மீண்டும் வந்தது, ரெட்புல்லோடு ஃபோர்டு கைகோத்தது. ரெனோ எஞ்சின் தயாரிப்பை நிறுத்திக்கொண்டது இழப்புதான். ஆனாலும் வந்தவர்கள் போனவர்களைவிட அதிகம். ஒரு விதியைக் காட்டி அழைத்து, அவர்கள் தொழிற்கூடம் கட்டி முடித்ததும் வேறு விதியை நீட்டினால் அடுத்த முறை யார் வருவார்கள்? வி8 தனியாகப் பார்த்தால் மலிவுதான். இந்த எஞ்சினுக்குப் போட்ட பணத்தை மூன்று நான்கு ஆண்டில் முடக்கிவிட்டு இன்னொன்றுக்கு மீண்டும் போடுவது மலிவாகாது.

எடையையும் மின்கலத்தையும் பற்றிச் சொல்லியாக வேண்டும். சிங்கப்பூரின் புழுக்கத்தில் 62 சுற்று ஓட்டுபவர்களுக்குக் காரின் எடை உடல்வேதனை. 2025இல் எஃப்ஐஏ முதன்முதலாக வெப்ப அபாய எச்சரிக்கை விடுத்த பந்தயம் நம்முடையதே. 2013இல் 642 கிலோவாக இருந்த குறைந்தபட்ச எடை 2025இல் 800 கிலோவாக வீங்கிவிட்டது. ஹைபிரிட் வந்த 2014இல் கூடியது ஐம்பது கிலோவுக்குச் சற்றுக் குறைவு. மீதிக்குப் பாதுகாப்புக் கருவிகள், அகன்ற டயர்கள், பெருத்த கார் உடல் என்று வேறு காரணங்கள். 2026 விதி அதை 768 கிலோவாக இறக்கத் தொடங்கியிருக்கிறது. மின்கலக் குறை இன்னும் உண்மையானது. ஒரே மூச்சில் பயன்படுத்த மின்கலம் தரும் ஆற்றல் 4 மெகாஜூல். 350 கிலோவாட்டை முழுதாகத் திறந்தால் பதினொரு நொடி சொச்சத்தில் அது தீர்ந்துவிடும். மணிக்கு 290 கிலோமீட்டருக்கு மேல் மின்னாற்றல் படிப்படியாகக் குறையும் என்று விதியே சொல்வதும் இதனால்தான். மரினா பேயில் 19 திருப்பங்கள். திருப்பத்துக்குத் திருப்பம் பிரேக் அழுத்தி மின்சாரத்தை மீட்டுக்கொள்ளலாம். இத்தாலியின் மொன்சா போன்ற நீண்ட நேர்பாதைகளில் மின்கலம் மூச்சுவாங்கும், ஓட்டுநர் வேகத்தை விட்டுக்கொடுத்துச் சேமிக்க நேரும். வேகத்தின் உச்சத்தில் காலைத் தளர்த்தும் ஓட்டுநரைப் பார்க்க யாருக்கும் விருப்பமில்லை. இதற்கு மருந்து மின்சாரத்தின் பங்கைச் சற்றுக் குறைத்து எஞ்சினின் பங்கைக் கூட்டுவது. எரிபொருள் அளவையும் மோட்டாருக்கு விடும் மின்சாரத்தின் அளவையும் மாற்றினாலே அது நடக்கும். சிலிண்டர் எண்ணிக்கையைத் தொட வேண்டியதில்லை.

இந்த மேசையில் உட்கார்ந்து பேசுவோர் யார் என்பதையும் பார்க்க வேண்டும். எஃப்ஐஏ இருக்கிறது, பந்தயத்தின் வணிக உரிமையை வைத்திருக்கும் நிறுவனம் இருக்கிறது, அணிகளும் தயாரிப்பாளர்களும் இருக்கிறார்கள். தன் சாலைகளை அடைத்துப் பந்தயத்துக்கு விடும் நகரத்துக்கு அங்கே நாற்காலி கிடையாது. சிங்கப்பூர் 2022 ஜனவரியில் ஒப்பந்தத்தை ஏழாண்டு நீட்டித்தபோது வெளியான கணக்கின்படி, ஓர் ஆண்டுப் பந்தயத்துக்கு ஏறக்குறைய 135 மில்லியன் வெள்ளி ஆகிறது. அதில் அறுபது விழுக்காட்டை அரசாங்கம் ஏற்கிறது. அதுவரை 550,000க்கும் மேற்பட்ட வெளிநாட்டுப் பயணிகளும் ஒன்றரை பில்லியன் வெள்ளி சுற்றுலா வருவாயும் வந்ததாகச் சொல்லப்பட்டது. செலவுக்குப் பலன் இருந்திருக்கிறது. ஆனால் பந்தயம் பத்தாண்டுக்கு மேலாகத் தன்னைத் தூய தொழில்நுட்பத்தின் களம் என்று சொல்லிக்கொண்டதும், 2050க்குள் நிகரக் கரிம வெளியீட்டை இல்லாமலாக்க உறுதிபூண்ட நாடு அதற்குப் பணம் கொடுப்பதற்கு ஒரு நியாயமாக இருந்தது. ஒப்பந்தம் முடிவது 2028இல். வி8 பேச்சு குறிவைப்பது அதற்கு அடுத்த ஆண்டுகளை. அதாவது அடுத்த நீட்டிப்பில் நாம் வாங்கப்போவது இன்னும் முடிவாகாத ஒரு எஞ்சினை.

வர்த்தக, தொழில் அமைச்சும் பயணத்துறைக் கழகமும் அடுத்த பேச்சுவார்த்தையில் கட்டணத்தையும் தேதியையும் மட்டும் பேசிவிட்டு எழுந்துவிடக் கூடாது. நீட்டிப்புக் காலம் முழுதும் எஞ்சின் விதி என்ன என்பதை எழுத்தில் கேளுங்கள். அது ஹைபிரிட்டாகவே தொடரும் என்ற உறுதியை ஒப்பந்தத்தில் ஒரு பிரிவாகச் சேருங்கள். அந்த உறுதி கிடைக்காவிட்டால், கிடைக்கும்வரை கையெழுத்தைத் தள்ளிவையுங்கள்.