எண்ணெயை உறைய வைக்கும் நிக்கல்



விருந்துச் சமையலில் நெய்க்குப் பகரமாக வனஸ்பதி சேர்க்கும் பழக்கம் நம் வீடுகளில் நெடுநாளாய் உண்டு. டால்டா என்னும் வணிகப் பெயரையே பொருளின் பெயராக்கிவிட்டோம். "எண்ணெய் திரவமாயிற்றே, அதிலிருந்து செய்த டால்டா மட்டும் ஏன் உறைந்து நிற்கிறது, ஹஜ்ரத்?" என்று என்னிடம் ஓதும் மாணவன் ஒருவன் வினவினான். கலைப் பட்டதாரியான எனக்கு உடனே விடை தெரியவில்லை. நூல்களைப் புரட்டியபோது அக்கேள்வி வினையூக்கியிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது.

தாவர எண்ணெயின் மூலக்கூறுகளில் நீண்ட கரிமச் சங்கிலிகள் உள்ளன. அவற்றில் இரட்டைப் பிணைப்பு உள்ள இடங்களில் சங்கிலி வளைந்திருக்கும். வளைந்த விறகுகளை நெருக்கி அடுக்க முடியாதல்லவா? ஆகவேதான் எண்ணெய் திரவமாக இருக்கிறது. அவ்விடங்களில் ஹைட்ரஜன் அணுக்களைச் சேர்த்துவிட்டால் வளைவு நிமிரும், எண்ணெய் உறையும்.

சொல்வது எளிது. ஹைட்ரஜன் வாயுவில் இரண்டிரண்டு அணுக்கள் இறுகப் பற்றிக்கொண்டிருக்கின்றன. அப்பிடியைத் தளர்த்தப் பெரும் ஆற்றல் வேண்டும். வெறும் எண்ணெயைக் காய்ச்சி அதனுள் ஹைட்ரஜனைச் செலுத்தினால் அது குமிழியிட்டு வெளியேறிவிடும். வினைக்கு முன்னே ஒரு மலை நிற்கிறது எனக் கொள்ளுங்கள்.

நிக்கல் தூளைச் சிறிதளவு சேர்த்தவுடன் நிலை மாறுகிறது. ஹைட்ரஜன் நிக்கலின் மேற்பரப்பில் ஒட்டி, தனித்தனி அணுக்களாகப் பிரிகிறது. எண்ணெய்ச் சங்கிலியும் அருகில் வந்து அமர்கிறது. இரண்டும் இணைந்து விலக, இடம் மீண்டும் காலியாகிறது. மலை அகன்றுவிடவில்லை; தாழ்வான கணவாய் ஒன்று திறந்திருக்கிறது. திருமணத் தரகரைப் போன்றதே இது. ஆனால் கூலி கேட்பதில்லை! இயல்பில் நடக்கவே இயலாத வினையை எந்த வினையூக்கியாலும் நடத்திக்காட்ட முடியாது என்பதையும் மறந்துவிடலாகாது.

இத்தகைய செயலுக்கு 1835-ஆம் ஆண்டில் பெயர் சூட்டியவர் ஸ்வீடன் நாட்டு பெர்சீலியஸ். நிக்கலின் இவ்வாற்றலை ஆராய்ந்த பிரெஞ்சு அறிஞர் சபாத்தியே 1912-இல் நோபல் பரிசு பெற்றார். ஜெர்மானியரான நார்மன் 1902-இலேயே எண்ணெயை உறைய வைப்பதற்குக் காப்புரிமை பெற்றிருந்தார்.

இனி வருவது நம் இல்லத்தரசிகள் அறியவேண்டியது. நிக்கலின்மீது அமர்ந்த எல்லாச் சங்கிலிகளும் முழுமையாக ஹைட்ரஜனைப் பெறுவதில்லை. சில பாதி வழியில், இரட்டைப் பிணைப்பு நீங்காமலே, வடிவம் மட்டும் திரும்பி நிமிர்ந்து வெளியேறுகின்றன. அவையே டிரான்ஸ் கொழுப்பு. இரத்தத்தில் தீய கொலஸ்டிராலை உயர்த்தி, நல்லதைக் குறைத்து, மாரடைப்புக்கு வழிகோலுவது இக்கொழுப்பு. ஆலை எண்ணெய்களிலும் கொழுப்புகளிலும் இது 2 விழுக்காட்டுக்கு மேல் இருத்தலாகாது என்னும் விதி 2022 ஜனவரி முதல் இந்தியாவில் நடைமுறைக்கு வந்தது. பல பதிற்றாண்டுகள் அறியாமலே உண்டிருக்கிறோம்! பொட்டலத்தின் பின்புறச் சிற்றெழுத்துகளை வாசித்து, டிரான்ஸ் கொழுப்பின் அளவைப் பார்த்து வாங்குங்கள்.

இவற்றையெல்லாம் கேட்ட அம்மாணவன், "அப்படியானால் அந்த நிக்கலையும் சேர்த்தா உண்கிறோம்?" என்றான். இல்லை, வடிகட்டிப் பிரித்துவிடுகிறார்கள். அடுத்த கொப்பரைக்கும் அதையே பயன்படுத்தலாம் என்றேன்.