கதவோர ஸ்டிக்கர் சொல்லும் கணக்கு

படுக்கையறை, சமையலறை, குளியலறை எல்லாம் அடங்கிய ஆறு டன் வீடு ஒன்றைப் பிக்கப் டிரக்கின் பின்னால் பூட்டிக்கொண்டு, மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் போகலாம். அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் இதற்குச் சாதாரண கார் லைசென்ஸே போதும். கலிஃபோர்னியா போன்ற சில மாநிலங்கள்தான், 10,000 பவுண்டுக்கு (சுமார் 4,500 கிலோ) மேற்பட்ட இத்தகைய டிரெய்லருக்குத் தனி அனுமதி கேட்கின்றன. எங்கேயாக இருந்தாலும், எந்த டிரக் எந்த டிரெய்லரைத் தாங்கும் என்ற கணக்கை வாங்குபவரே போட்டுக்கொள்ள வேண்டும். பலர் அந்தக் கணக்கைத் தவறான எண்ணிலிருந்து தொடங்குகிறார்கள்.

‘ஃபிஃப்த் வீல்’ எனப்படும் இந்த டிரெய்லர், பம்பருக்குக் கீழே இரும்பு உருண்டையில் மாட்டும் சாதாரண டிரெய்லரைப் போன்றதல்ல. இதன் முன்பகுதி, டிரக்கின் சரக்குத் தொட்டிக்கு மேல் நீண்டு வந்து நிற்கும். அதன் அடியிலிருந்து இறங்கும் கிங்பின் என்ற தடித்த எஃகு முளை, தொட்டிக்குள் பொருத்திய ஹிட்ச்சின் தாடைக்குள் போய்ப் பூட்டிக்கொள்ளும். தூத்துக்குடித் துறைமுகத்துக்குக் கன்டெய்னர் கொண்டுபோகும் டிரெய்லர் லாரிகளில் இருப்பதும் இதே அமைப்புதான்.

ஹிட்ச் இருக்கும் இடத்தில்தான் விஷயம் இருக்கிறது. அது பின் அச்சுக்கு நேர் மேலே, அல்லது சற்று முன்னால் அமைந்திருக்கும். பம்பரில் மாட்டிய டிரெய்லரைப் பக்கக் காற்று தள்ளினால், அந்த விசை பின் அச்சுக்கு ஒரு மீட்டருக்கும் மேல் பின்னால் இருந்து நெம்புகிறது. டிரக்கின் பின்புறத்தையே திருப்பப் பார்க்கிறது. டிரெய்லர் ஆட, டிரக்கும் சேர்ந்து ஆட, ஓட்டுநர் பதறி ஸ்டியரிங்கை ஒடிக்க, ஆட்டம் கூடிக்கொண்டே போய் வண்டி கவிழ்வதும் உண்டு. அச்சுக்கு மேலேயே விசை விழுந்தால் நெம்புவதற்கு நீளமே இல்லை. கனமான வீடுகளை ஃபிஃப்த் வீலாகக் கட்டுவதற்கு இது முக்கியமான காரணம்.

ஆனால் இந்த நிதானத்துக்கு டிரக் ஒரு விலை கொடுக்கிறது. பம்பர் டிரெய்லர் தன் எடையில் 10 முதல் 15 சதவீதத்தை டிரக்கின் மேல் இறக்கும். ஃபிஃப்த் வீல் இறக்குவது 15 முதல் 25 சதவீதம். 14,000 பவுண்டு, அதாவது 6,350 கிலோ டிரெய்லர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதில் 20 சதவீதம் என்றால் 1,270 கிலோ. இதை டிரக் வெறுமனே இழுக்கும் பாரமாகப் பார்க்க முடியாது. இது அதன் முதுகில் ஏறி உட்காரும் பாரம்.

விளம்பரங்களில் கொட்டை எழுத்தில் வருவது இழுவைத் திறன். அரை டன் வகுப்பு என்று சொல்லப்படும் சிறிய பிக்கப்புகளிலேயே சிலவற்றுக்கு 5,900 கிலோ வரை இழுவைத் திறன் குறிப்பிடப்படுகிறது. அப்படி ஒரு வண்டியின் ஓட்டுநர் கதவைத் திறந்து, தூணில் ஒட்டியிருக்கும் மஞ்சள் வெள்ளை ஸ்டிக்கரைப் படியுங்கள். ஆட்களும் சரக்கும் சேர்ந்து இத்தனை கிலோவைத் தாண்டக் கூடாது என்று அதில் இருக்கும். அரை டன் வகுப்பில் அந்த எண் பெரும்பாலும் 700 முதல் 850 கிலோ. விளம்பரம் சொன்ன 5,900 கிலோவை ஃபிஃப்த் வீலாகப் பூட்டினால், கிங்பின் எடையே 1,180 கிலோ ஆகிவிடும். குடும்பம் இன்னும் வண்டியில் ஏறவே இல்லை!

அந்த ஸ்டிக்கர் ஒவ்வொரு வண்டிக்கும் தனியாக அச்சிடப்படுகிறது. ஒரே மாடலில் இரண்டு வண்டிகள் பக்கத்தில் பக்கத்தில் நின்றாலும், தோல் இருக்கை, கண்ணாடிக் கூரை, நான்கு சக்கர இயக்கம் என்று வசதி கூடக்கூட இந்த எண் இறங்கும்.

டீசல் வாங்கினால் கவலையில்லை என்று நினைப்பவர்கள் அதிகம். அடுத்த வகுப்பான முக்கால் டன் பிக்கப்புகளில் பலவற்றின் மொத்த எடை வரம்பு 10,000 பவுண்டில், அதாவது 4,536 கிலோவில் நிறுத்தப்பட்டிருக்கிறது. டீசல் எஞ்சின், பெட்ரோல் எஞ்சினைவிட 200 கிலோவுக்கு மேல் கனம். வரம்பு உயராமல் எஞ்சின் மட்டும் கனத்தால், சுமப்பதற்கு மிஞ்சுவதுதான் குறையும். ஆகவே முக்கால் டன் டீசல் வண்டி சுமக்கக்கூடியது பல நேரம் 900 முதல் 1,150 கிலோதான். நம் கணக்கில் கிங்பின் 1,270, ஹிட்ச் 80, நான்கு பேர் 280, கருவிகளும் மற்றவையும் 100 என்று 1,730 கிலோ வருகிறது. ஒரு டன் வகுப்பு வேண்டும். பின்னால் பக்கத்துக்கு இரண்டாக நான்கு டயர் கொண்ட ‘டூயலி’ என்றால் 2,200 கிலோவுக்கு மேல் தாங்கும். ஒரு டயர் வெடித்தாலும் பக்கத்து டயர் பிடித்துக்கொள்ளும். இந்த அளவு டிரெய்லருக்கு நான் டூயலியைத்தான் சொல்வேன்.

இழுவைத் திறன் என்ற எண் பொய் என்று சொல்ல வரவில்லை. முன்பு ஒவ்வொரு நிறுவனமும் தன் போக்கில் அதைக் கணக்கிட்டது. வாகனப் பொறியாளர் அமைப்பான எஸ்.ஏ.இ. வகுத்த ‘ஜே2807’ விதி அதற்கு ஒழுங்கு கொண்டுவந்தது. 2011 மாடலிலேயே டொயோட்டா அதை ஏற்றது. அதன் டன்ட்ரா வண்டியின் எண் குறைந்தது. மற்ற பெரிய நிறுவனங்கள் பின்னர் வந்து சேர்ந்தன. சோதனை கடுமையானது. அரிசோனாவில் டேவிஸ் அணையிலிருந்து மேலேறும் 18 கிலோமீட்டர் சாலையில், குறைந்தது 38 டிகிரி செல்சியஸ் வெயிலில், ஏ.சி.யை முழுதாக ஓடவிட்டு ஏற வேண்டும். வேகம் மணிக்கு 64 கிலோமீட்டருக்குக் கீழே போகக் கூடாது, டூயலிக்கு 56. எல்லாம் சரி, ஆனால் அந்தச் சோதனையில் வண்டிக்குள் இருப்பதாகக் கொள்ளப்படுவோர் தலா 68 கிலோ எடையுள்ள இரண்டே பேர்.

ஏற்றத்தைவிட இறக்கம்தான் உயிர் போகிற விஷயம். டிரக்கும் டிரெய்லருமாக 10 டன் எடை, 900 மீட்டர் உயரத்திலிருந்து இறங்குவதாக வைத்துக்கொள்வோம். புவியீர்ப்பு வெளிவிடும் ஆற்றல் சுமார் 8.8 கோடி ஜூல். 300 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமான வெப்பம் அது. காற்றும் உராய்வும் ஒரு பங்கை எடுத்துக்கொண்டாலும், மீதியைப் பிரேக்கே விழுங்க நேர்ந்தால் லைனிங் சூடேறிப் பிடிமானத்தை இழக்கும். தருமபுரி மாவட்டத்துத் தொப்பூர் கணவாயில் லாரிகளின் பிரேக் பிடிக்காமல் போவதும் இதே இயற்பியல்தான். டீசல் பிக்கப்புகளின் எக்ஸாஸ்ட் பிரேக் இங்கேதான் கைகொடுக்கிறது. டர்போவின் தகடுகள் குறுகிப் புகையின் வழியை அடைக்க, எஞ்சினே வேகத்தைப் பிடித்து நிறுத்தும். சக்கரப் பிரேக் குளிர்ந்தே இருக்கும். டிரெய்லரின் சொந்த மின்பிரேக்கும், அதை ஓட்டுநர் இருக்கையிலிருந்து கட்டுப்படுத்தும் கருவியும் சரியாக வேலை செய்தாக வேண்டும்.

டர்போவுக்கு மலையில் இன்னொரு வேலையும் உண்டு. கொலராடோவின் ஐசன்ஹோவர் சுரங்கச் சாலை சுமார் 3,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மெலிந்த காற்றில் டர்போ இல்லாத எஞ்சின் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சக்தியை இழந்துவிடும். டர்போ காற்றை அமுக்கிக் கொடுத்து அந்த இழப்பைப் பெருமளவு ஈடுகட்டுகிறது.

டிரக்கின் சரக்குத் தொட்டியின் நீளத்தையும் பார்க்க வேண்டும். எட்டடித் தொட்டி இருந்தால் நல்லது. குட்டையான தொட்டியில், குறுகலான திருப்பத்தில் டிரெய்லரின் மூலை டிரக்கின் பின்கண்ணாடியில் போய் இடிக்கும். பின்னோக்கி நகர்ந்து கொடுக்கும் ஹிட்ச் கூடுதலாக வாங்க வேண்டியிருக்கும்.

டிரெய்லர் விற்பவர் சொல்லும் காலி எடையை நம்ப வேண்டாம். நன்னீர்த் தொட்டியே 200 லிட்டருக்கு மேல் பிடிக்கும். துணி, பாத்திரம், எரிவாயு உருளை எல்லாம் அதன்மேல். டிரெய்லரின் தகட்டில் பொறித்திருக்கும் உச்ச எடையை வைத்தே கணக்குப் போடுங்கள். நெடுஞ்சாலை லாரி நிறுத்தங்களில் இருக்கும் ‘கேட்’ எடைமேடையில் ஏற்றினால், முன் அச்சு, பின் அச்சு, டிரெய்லர் அச்சு என்று தனித்தனியாக எடை போட்டுச் சீட்டு கொடுப்பார்கள். ஊர் கிளம்பும் முன் ஒருமுறை முழுச் சுமையோடு ஏற்றிப் பார்த்துவிடுங்கள்.

டிரக்கை வாங்கிவிட்டு அதற்கேற்ற டிரெய்லர் தேடுவது வழக்கமாக இருக்கிறது. வரிசையை மாற்றுங்கள். முதலில் டிரெய்லரைத் தீர்மானியுங்கள், பிறகு அதைச் சுமக்கும் டிரக்கை.