கல்லூரி அணிக்குக் ‘கோச்’ ஒருவர்தானா?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



செந்தூல் வட்டாரத்தில் மாலை வேளையில் ஏதாவது ஒரு திடலோரம் நின்று பாருங்கள். மகனை மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து இறக்கிவிடும் தகப்பனார் ஒருவராவது கண்ணில் படுவார். அவரிடம் பேச்சுக் கொடுத்தால், “காலேஜ் டீம்ல ஆடுறான் சார், எல்லாத்தையும் கோச் பாத்துக்குவாரு” என்பார். அவர் சொல்லும் அந்த ‘எல்லாம்’ எது, அதைப் பார்த்துக்கொள்ள எத்தனை பேர் வேண்டும் என்பதைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

செந்தூலுக்குக் காற்பந்து புதிதல்ல. ரயில்வே பட்டறையை நம்பிப் பல தலைமுறைத் தமிழர்கள் வாழ்ந்த இடம் இது. பட்டறைச் சங்கு ஊதியதும் திடலுக்குப் போன தாத்தாக்களின் கதை இங்கே பல வீடுகளில் உண்டு. அன்றைக்குப் பயிற்றுநர் என்றால், முழங்கால் தேய்ந்துபோன ஒரு மூத்த ஆட்டக்காரர். கையில் ஒரு விசில், பக்கத்தில் ஒரு பனிக்கட்டி வாளி. அடிபட்டவனுக்குத் தைலம் தேய்ப்பதும் அவர்தான், வீட்டில் சமாதானம் சொல்வதும் அவர்தான். அந்த மனிதர்களை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அந்தப் பழைய படத்தையே மனதில் வைத்துக்கொண்டு இன்றைய கல்லூரி அணியைப் பார்க்கிறோமே, அதுதான் சிக்கல்.

நம் சமூகம் பயிற்றுநர்களைக் கொண்டாடத் தெரியாத சமூகம் அல்ல. 2010 டிசம்பர் 26-ஆம் தேதி புக்கிட் ஜாலில் அரங்கத்தில் இந்தோனேசியாவை 3-0 என்று வீழ்த்தி, மூன்று நாள் கழித்து ஜகார்த்தாவில் 2-1 என்று தோற்றும், மொத்தக் கணக்கில் நாம் சுசுகி கிண்ணத்தை வென்றபோது கே.ராஜகோபால் பெயரைச் சொல்லாத தமிழர் வீடு இருந்திருக்காது. அதற்கு முந்தைய ஆண்டு சீ விளையாட்டில் தங்கம் வாங்கித் தந்தவரும் அவர்தான். 2007 முதல் 2009 வரை தேசிய அணியை நடத்திய பி.சத்தியநாதன் 2023-இல் காலமானபோது நாமெல்லாம் வருந்தினோம். சரி, ராஜகோபாலுக்கு உதவிப் பயிற்றுநராக இருந்தவர் யார்? டான் செங் ஹோ. அவரே பின்னாளில் தேசிய அணியின் தலைமைப் பயிற்றுநராகி, 2018-இல் அதே சுசுகி கிண்ண இறுதியாட்டம் வரை அணியை அழைத்துச் சென்றார். உதவிப் பயிற்றுநர் என்பவர் கூம்பு அடுக்குகிற ஆள் அல்ல என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

ஒரு முறையான கல்லூரி அணியில் தலைமைப் பயிற்றுநர் ஆட்டமுறையை வகுத்து, யார் ஆடுவது என்று முடிவு செய்கிறார். உதவிப் பயிற்றுநர் அந்த முடிவைப் பயிற்சியாக மாற்றுகிறார். தற்காப்பு ஆட்டக்காரர்களைத் தனியாக அழைத்து வேலை வாங்குவதும், பயிற்றுநரிடம் சொல்லப் பயப்படும் விஷயத்தைப் பையன்கள் வந்து சொல்வதும் இவரிடம்தான். கோல் காவலருக்குத் தனிப் பயிற்றுநர் வேண்டும், ஏனென்றால் விழுவதற்கும் கற்க வேண்டும். நிர்வாகி, உடை, பேருந்து, சாப்பாடு ஆகியவை பற்றி விளக்கத் தேவையில்லை. தேர்வு நாளும் ஆட்ட நாளும் மோதும்போது விரிவுரையாளரிடம் போய் நிற்பவர் அந்த நிர்வாகிதான் என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன். கல்லூரி அணிக்கு இது சின்ன வேலையல்ல.

நான் சற்று நின்று பேச விரும்புவது உடற்தகுதிப் பயிற்றுநரையும் பிசியோவையும் பற்றி. பணம் பற்றவில்லை என்றால் முதலில் வெட்டுப்படுபவர்கள் இந்த இருவர்தான்.

‘லெவன் பிளஸ்’ என்று பிஃபா வகுத்த ஒரு வெதுவெதுப்புப் பயிற்சி இருக்கிறது. மெதுவோட்டம், ஒற்றைக் காலில் நிற்றல், தொடைத் தசைக்கான பயிற்சி, குதித்தல், பிறகு வேக ஓட்டம். மொத்தம் 20 நிமிடம்தான், ஒரு பந்தைத் தவிர வேறு சாமான் வேண்டியதில்லை. அமெரிக்கக் கல்லூரிகளின் ஆண்கள் அணிகளில் 2012-ஆம் ஆண்டுப் பருவத்தில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒழுங்காகச் செய்த அணிகளில் காயங்கள் சுமார் 46 விழுக்காடு குறைந்திருந்தன. செலவில்லாத வேலை இது. ஆனால் 20 நிமிடமும் கூடவே நின்று, முழங்கால் உள்பக்கம் மடங்குகிறதா என்று பார்த்துத் திருத்த ஓர் ஆள் வேண்டும். தலைமைப் பயிற்றுநர் அந்த நேரத்தில் நிர்வாகியோடு ஆட்டக்காரர் பட்டியலைச் சரிபார்த்துக்கொண்டிருப்பார். பையன்கள் நாலு சுற்று ஓடிவிட்டு, கோல் கம்பத்தை நோக்கிப் பந்தை உதைத்துக்கொண்டிருப்பார்கள். நாம் எல்லோரும் பார்த்த காட்சிதானே இது?

அடுத்தது தலைக்காயம். இரண்டு பேர் தலைப்பந்துக்குத் தாவி மோதிக்கொள்கிறார்கள். ஒருவன் எழுந்து, “எனக்கு ஒண்ணும் இல்ல கோச்” என்கிறான். ஆட்டம் 1-1, இன்னும் பத்து நிமிடம்தான் மிச்சம். அவன் அணியின் சிறந்த ஆட்டக்காரன். இந்த நிலையில் முடிவு செய்ய வேண்டியவர் யார்? வெற்றியைப் பற்றிக் கவலைப்படுகிற ஒருவரிடமே இந்த முடிவையும் விடுவது அவருக்கும் நியாயமில்லை, பையனுக்கும் நியாயமில்லை. மூளை அதிர்ச்சி என்று சந்தேகம் வந்தாலே ஆட்டக்காரரை வெளியே எடுத்துவிட வேண்டும், அன்றைக்கு மீண்டும் இறக்கக் கூடாது என்பதுதான் உலகம் முழுவதும் ஏற்கப்பட்ட நெறி. தலைக்காயத்திற்கென்றே கூடுதலாக ஒரு மாற்று ஆட்டக்காரரை இறக்கலாம் என்று ஆட்ட விதிகளிலேயே 2024 ஜூலை முதல் இடம் தந்திருக்கிறார்கள், போட்டி ஏற்பாட்டாளர் அனுமதித்தால். ஆகவே ஆள் குறையும் என்ற சாக்குகூட வலுவிழந்துவிட்டது. பிசியோ “வேண்டாம்” என்றால் தலைமைப் பயிற்றுநர் மறுபேச்சில்லாமல் கேட்க வேண்டும். அப்படி ஓர் ஏற்பாடு எழுத்தில் இருக்கிறதா என்பதே என் கேள்வி.

நம் நாட்டில் கல்லூரி அணிகள் எல்லாம் ஒரே தரத்தில் இல்லை. யூஐடிஎம் பல்கலைக்கழகத்தின் அணி 2020-இல் சூப்பர் லீக்கிலேயே ஆடியது. ஃபிராங்க் பெர்ன்ஹார்ட் என்ற ஜெர்மானியர் அதன் தலைமைப் பயிற்றுநர். அந்தப் பருவத்தில் 6-ஆம் இடத்தையும் பிடித்தது. அடுத்த ஆண்டே கீழே இறங்கிவிட்டது என்பது வேறு கதை. லீக் விதிப்படி அங்கே உரிமம் பெற்ற ஆட்கள் இருந்தாக வேண்டும். ஆனால் கிள்ளான் பள்ளத்தாக்கில் சாதாரணத் தனியார் கல்லூரியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு விரிவுரையாளர் பெயருக்கு நிர்வாகி. பயிற்சி நாளுக்கு இவ்வளவு என்று அலவன்ஸ் வாங்கும் பகுதி நேரப் பயிற்றுநர் ஒருவர். அவரும் வேலை முடித்து, நெரிசலில் மாட்டி, மூச்சு வாங்க வந்து சேருவார். அவர் மேல் கோபப்பட எனக்கு மனம் வராது. அமெரிக்காவில் கல்லூரி விளையாட்டுக்கான அமைப்பு, சம்பளமில்லாத தொண்டர் பயிற்றுநர் என்ற பிரிவையே 2023-இல் எடுத்துவிட்டது. வேலை வாங்கினால் கூலி கொடுக்க வழி செய் என்பதுதான் அதன் பொருள்.

இதில் நம் இளைஞர்களுக்கு ஒரு வாய்ப்பும் இருக்கிறது. ஆட்டக்காரராக வர முடியாதவன் காற்பந்தை விட்டுவிட வேண்டியதில்லை. ஆசியக் காற்பந்து கூட்டமைப்பின் ‘சி’, ‘பி’, ‘ஏ’ உரிமங்கள் இருக்கின்றன. கோல் காவல் பயிற்சிக்கும் உடற்தகுதிக்கும் தனிச் சான்றிதழ்கள் உண்டு. மலேசிய இந்தியர் காற்பந்து சங்கத்தின் வழி வந்த அணி, பின்னர் பெட்டாலிங் ஜெயா சிட்டி என்ற பெயரில் 2019 முதல் 2022 வரை சூப்பர் லீக்கில் ஆடியபோது, கே.தேவன், பி.மணியம் போன்றவர்கள் அதற்குப் பயிற்றுநர்களாக இருந்தார்கள். அந்த அணி விலகிவிட்டது. கற்ற வித்தை விலகாது.

கடைசியாக, மழை. கிள்ளான் பள்ளத்தாக்கில் மாலை நேரத்து இடியைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2016 ஏப்ரலில் மலாக்கா யுனைடெட் அணியின் பயிற்சியின்போது மின்னல் தாக்கி, 18 வயது ஆஸ்திரேலியக் கோல் காவலர் ஒருவர் சில வாரங்களில் உயிரிழந்தார். அது முழுநேரப் பயிற்றுநர்கள் உள்ள தொழில்முறை அணி. இடிச்சத்தம் கேட்டதும் திடலைக் காலி செய்ய வேண்டும், கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் காத்திருக்க வேண்டும் என்பது பொது விதி. பயிற்சியில் முழுக் கவனமாய் இருக்கும் பயிற்றுநர் வானத்தைப் பார்ப்பாரா? பார்ப்பதற்கென்று ஒருவரை நியமிக்க வேண்டும்.

2021 ஜூன் 12-ஆம் தேதி கோப்பன்ஹேகனில் டென்மார்க்கின் எரிக்சன் ஆட்டத்தின் நடுவே சுருண்டு விழுந்ததை நீங்கள் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். உடனே நெஞ்சை அழுத்தத் தொடங்கினார்கள், மின் அதிர்ச்சிக் கருவியும் பக்கத்திலேயே இருந்தது, பிழைத்துக்கொண்டார். இப்படி இதயம் நின்றுபோனால், உதவி கிடைக்காமல் கழியும் ஒவ்வொரு நிமிடத்திற்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 விழுக்காடு வரை குறைகிறது என்கிறார்கள் மருத்துவர்கள்.

ஆகவே பெற்றோர்களே, கல்லூரியில் மகனைச் சேர்க்கும்போது கட்டணத்தையும் விடுதியையும் விசாரிக்கிறீர்கள் அல்லவா, அணியில் சேரும்போதும் போய் இரண்டு வார்த்தை கேளுங்கள். பயிற்சி நாளில் முதலுதவி தெரிந்தவர் யார் இருப்பார்? அந்தக் கருவி எங்கே வைத்திருக்கிறார்கள்? 999-ஐ அழைப்பது யார்? ஆம்புலன்ஸ் வந்தால் திடலின் பெரிய கதவு பூட்டியிருக்கும், அதன் சாவி யாரிடம் இருக்கிறது?